மேசைக்கு அடியில் முசே

மாதா துணை
காரைக்கால்
3 மே 2025

அன்புள்ள ஜெமிமாவுக்கு, தாய்மாமன் சந்தனசாமி ஆசீர்வதித்து எழுதுவது.

நான் சொன்னேன். இதெல்லாம் இப்படித்தான் நடக்கும் என்று அன்றைக்கே சொன்னேன். யாராவது காதில் போட்டுக்கொண்டால்தானே? சாப்பிடுகிற இடத்துக்குள் நாயைப் படுக்க வைத்தால் ஒன்று கூட்டம் வரும், இல்லை வம்பு வரும் என்று, உன் அண்ணன் ஆன்டோ கஃபே திறந்த அன்றே விரலை நீட்டிச் சொன்னவன் நான். இப்போது இரண்டும் வந்துவிட்டன.

இரு, முதலில் சுகம் விசாரித்துவிடுகிறேன். சிறுமலைக் குளிர் உன் சளிக்கு ஒத்துக்கொள்கிறதா? உன் அம்மா அற்புதம் முழங்காலுக்குத் தைலம் தடவிக்கொண்டு என்னைத் திட்டுகிறாள். அவள் திட்டினால் சுகமாக இருக்கிறாள் என்று அர்த்தம். கன்னியாஸ்திரி ஆவதற்கு முந்திய நவதுறவுக் காலத்தில் ஒரு வருஷம் போன் தொடக்கூடாது என்று உங்கள் சபை சட்டம் வைத்ததில் என் கையெழுத்துக்கு மறுபடி மரியாதை வந்திருக்கிறது. இதை உனக்கு முன்பாகப் பிரித்துப் படிக்கும் மதர் அவர்களுக்கும் என் வணக்கம்.

விஷயம் இதுதான். நீ விட்டுவிட்டுப் போன முசே இப்போது கடற்கரைச் சாலையில் பெரிய ஆள். பிரெஞ்சுக்காரர்கள் 'ஐயா' என்பதற்குச் சொல்லும் வார்த்தையை ஒரு நாய்க்கு நீ பெயராக வைத்தபோதே நினைத்தேன். 'செல்ல நாய்களோடு உள்ளே வரலாம்' என்று ஆன்டோ பலகை மாட்டியதும் பெங்களூரிலிருந்து காரில் வருகிறவர்கள், லீவுக்கு வரும் பிரான்சுக்காரப் பிள்ளைகள் எல்லாரும் நாயோடு நுழைகிறார்கள். பாரிசில் நாய் நாற்காலியில் உட்கார்ந்து தட்டில் சாப்பிடும் என்று நான்தான் எல்லாருக்கும் விளக்கம் கொடுப்பேன். பாரிசுக்குப் போனேனா என்று ஒருவரும் கேட்பதில்லை. பக்கத்து ஜூஸ் கடை கபீர் பாய் மட்டும், "சாமி, நாய் வாய் வெச்ச பாத்திரத்த ஏழு தரம் கழுவணும்னு எங்களுக்குச் சட்டம். உங்க கடையில ஒரு தரமாவது ஒழுங்கா கழுவுறாங்களா?" என்று கிண்டல் செய்வார்.

நேற்று மத்தியானம் மண்டபத்தூர் அல்லி இறால் கொண்டு வந்தாள். உனக்குத் தெரியுமே, கூடையோடு வரும் பெண். இப்போது ஏழு மாசம். "வெயில் மண்டையப் பொளக்குது சாமி ஐயா, ஃபேனுக்குக் கீழ கொஞ்சம் குந்திக்கிறேன்" என்றாள். குந்தினாள். மேசைக்கு அடியில் முசே தூங்கியது அவளுக்கு எப்படித் தெரியும்? காலை நீட்டியதும் வாலில் மிதித்துவிட்டாள். முசே அவள் கணுக்காலில் ஒரு கவ்வு. பல் இரண்டு பதிந்து ரத்தம் வந்தது. கடை முழுக்க எழுந்து நின்றது. நான் ஒருவன்தான் பதறாமல், "பயப்படாத அல்லி, ஊசி போட்ட நாய். நானே என் கையால மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோயி போட்டேன்" என்று சொல்லி மஞ்சள் வைத்து அனுப்பினேன். அந்த ஒரு வார்த்தையில் எல்லாரும் உட்கார்ந்துவிட்டார்கள். அப்பேர்ப்பட்ட குரல் எனக்கு.

மற்றபடி விசேஷம் ஒன்றும் இல்லை.

உன் மாமன்,
சந்தனசாமி


சிறுமலை
6 மே 2025

அன்புள்ள மாமா,

இயேசுவின் பெயரால் வாழ்த்துகள். எனக்குச் சளி இல்லை. அம்மாவின் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல்லுங்கள். தைலம் மட்டும் போதாது.

மாமா, மஞ்சளை விடுங்கள். ரத்தம் வந்த கடி அது. இங்கே நோயாளிகளைக் கவனிக்கும் சிஸ்டரிடம் கேட்டேன். நாய்க்கு ஊசி போட்டிருந்தாலும் கடிபட்டவர் காயத்தைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போயே ஆக வேண்டுமாம். கர்ப்பிணிக்கும் அந்த ஊசி போடலாம், குழந்தைக்கு ஒன்றும் ஆகாது என்றார்கள். அல்லியை இன்றைக்கே கூட்டிக்கொண்டு போங்கள். முசேயைப் பத்து நாள் கண்ணை எடுக்காமல் கவனியுங்கள்.

ஜனவரியில் நீங்கள் ஊசி போட்டுக்கொண்டு வந்ததாக எழுதியதிலிருந்து அவனைப் பற்றி நான் கவலைப்பட்டதே இல்லை. அந்தத் தைரியத்தில்தான் ஆன்டோ அண்ணன் கேட்டபோது, கடைக்குள்ளே வைத்துக்கொள் என்று சொன்னேன். அதை நினைத்தால் இப்போது நிம்மதியாகத்தான் இருக்கிறது.

நாளை மறுநாள் எங்களுக்கு முப்பது நாள் மௌன தியானம் தொடங்குகிறது. அது முடியும்வரை வரும் கடிதங்களை மதர் பிரிக்காமல் அலமாரியில் வைத்துவிடுவார்கள். பதில் வரவில்லை என்று கோபிக்காதீர்கள்.

அல்லியை மறக்காதீர்கள்.

அன்புடன்,
ஜெமிமா


மாதா துணை
காரைக்கால்
9 மே 2025

அன்புள்ள ஜெமி,

நீ மௌனத்தில் உட்கார்ந்திருப்பாய். இந்தக் கடிதம் மதரின் அலமாரியில் உட்கார்ந்திருக்கும். இருந்தாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

உன் கடிதம் வந்த கையோடு அல்லியிடம் சொன்னேன். "நாய்க்குத்தான் ஊசி போட்டாச்சுன்னு நீங்களே சொன்னீங்க. அப்புறம் எனக்கு எதுக்கு? வயித்துல இருக்குறதுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?" என்று கேட்டுவிட்டாள். போன தடவை இவளுக்கு நாலாம் மாசத்தில் கலைந்துபோனது. அதனால் தலைவலிக்குக்கூட மாத்திரை போட்டுக்கொள்வதில்லையாம். புருஷன் ராஜ்மோகனுக்கு மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கரையில் கிடக்கிறது, அவன் வலை தைத்துக்கொண்டு வீட்டில்தான் இருக்கிறான். அவனும், "சாமி ஐயா சொல்லிட்டாரு, போதும்" என்கிறான். என் பேச்சுக்கு மண்டபத்தூர் வரைக்கும் இருக்கிற மதிப்பைப் பார்த்தாயா?

ஜனவரியில் மாட்டாஸ்பத்திரியில் நடந்ததை உனக்கு முழுதாக எழுதவில்லை. பெரிய கூட்டம். முசே வரிசையில் மனிதர் மாதிரி உட்கார்ந்திருந்தான். டாக்டர் ஊசியை எடுத்ததும் இவனே தோளைக் காட்டினான். "பேச்சு வராததுதான் குறை" என்று டாக்டர் என் கையைக் குலுக்கினார்.

நேற்றிலிருந்து முசே கொஞ்சம் சோர்வு. சோற்றை மோந்துவிட்டுப் போய்விடுகிறான். வெயில்தான். வேறு ஒன்றுமில்லை.

வெயில்தான்.

சந்தனசாமி


காரைக்கால்
10 மே 2025

ஜெமி,

சுகம் கேட்கவில்லை, கோபித்துக்கொள்ளாதே.

முசே சாப்பிடவில்லை. வாயிலிருந்து எச்சில் நூலாகத் தொங்குகிறது. சமையலறைக்குப் பின்னால் கட்டியிருக்கிறோம். பக்கத்தில் போனால் உறுமுகிறான். உன் முசே உறுமி நீ கேட்டிருக்கிறாயா? நான் ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைத்துவிட்டுக் கதவிடுக்கில் நின்று பார்க்கிறேன். குடிக்க வருகிறான். வாயைக் கிட்டே கொண்டுபோய்த் தலையை உதறிக்கொண்டு திரும்பிவிடுகிறான். வெறி பிடித்த நாய்தான் தண்ணீரைக் கண்டு இப்படி விலகும் என்பார்கள். ஆன்டோ, "ஊசி போட்ட நாய்தானே மாமா, வேற ஏதாவது இருக்கும். திங்கக்கிழமை டாக்டர்கிட்ட காட்டலாம்" என்கிறான். அவனுக்கு என்ன, அவன் நிம்மதியாகத்தான் இருப்பான்.

காலையில் அல்லி கூடையை இறக்கிவிட்டுத் தண்ணீர் கேட்டாள். கொடுத்தேன். அண்ணாந்து குடித்தாள். நான் அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டு நின்றேன். இறங்குகிறதா, இறங்குகிறதா என்று. "என்ன சாமி ஐயா, தண்ணி குடிக்கிறதக்கூட கணக்குப் பாக்குறீங்க?" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நீ முப்பது நாள் இதைப் படிக்கமாட்டாய் என்கிற தைரியத்தில் எழுதுகிறேன். மதர் அவர்களே, நீங்கள் முதலில் படிக்கும்போது என்னை மன்னிக்க வேண்டும்.

ஊசி போடவில்லை.

ஜனவரியில் முசேயைக் கூட்டிக்கொண்டு புறப்பட்டது நிஜம். மாட்டாஸ்பத்திரி வாசலில் ஓர் ஆட்டுக்கு ஊசி குத்திக்கொண்டிருந்தார்கள். எனக்கு ஊசியைப் பார்த்தால் கண் இருட்டும். இது உன் அம்மாவைத் தவிர யாருக்கும் தெரியாது. அப்படியே திரும்பினேன். பேக்கரியில் ஆளுக்கொரு பன் தின்றோம், நானும் அவனும். வீட்டுக்கு வந்து உனக்குக் கடிதம் எழுதினேன். டாக்டர் கைகுலுக்கியது, வரிசையில் உட்கார்ந்தது, எல்லாம் அந்தப் பன்னோடு வந்தது.

இத்தனை மாதமும் பிள்ளைகள் அவன் வாயில் பிஸ்கட் ஊட்டியிருக்கிறார்கள். என் ஒரு வார்த்தையை நம்பித்தான் எல்லாரும் அந்த மேசைகளில் உட்கார்ந்தார்கள்.

இதைத் தபாலில் போட்டுவிட்டு நேராக மண்டபத்தூர் போகிறேன். அல்லியின் காலில் விழுந்தாவது சொல்லிவிடுகிறேன்.

சந்தனசாமி


மாதா துணை
காரைக்கால்
13 மே 2025

அன்புள்ள ஜெமிமாவுக்கு,

தியானம் நல்லபடியாக நடக்கட்டும். எங்களுக்கும் சேர்த்துச் செய்.

சனிக்கிழமை அல்லி வீட்டுக்குப் போய் வாசலிலேயே நின்று சொன்னேன்: "அல்லி, அந்த நாய்க்கு ஊசி போடல. நான் சொன்னது பொய்." என் வாழ்நாளில் இவ்வளவு சின்னதாக நான் எதையும் சொன்னதில்லை. அவள் என்ன சொன்னாள் தெரியுமா? நம்பவில்லை! "ஆன்டோ தம்பி கடைக்குக் கேஸ் வந்துருமுன்னு பயந்து, என்னை ஆஸ்பத்திரிக்கு இழுக்கப் பாக்குறீங்க. உங்க கதையெல்லாம் எனக்குத் தெரியாதா?" என்றாள். ராஜ்மோகன் வலையிலிருந்து தலையைத் தூக்காமலே, "போன மாசம் திமிங்கலம் பிடிச்சேன்னு சொன்ன ஆளுதானே" என்றான். நான் திமிங்கலம் என்று சொல்லவில்லை. பெரிய மீன் என்றுதான் சொன்னேன்.

எச்சில் வடிகிறது என்றேன். வெயிலுக்கு எல்லா நாய்க்கும் வடியும் என்றாள். அழுதே விட்டேன். "நல்லா நடிக்கிறீங்க ஐயா" என்று மோர் கொடுத்தாள். அந்த மோரை நான் எப்படிக் குடித்தேன் என்று எனக்கே தெரியாது. அவள் வயிற்றையும் கணுக்காலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உனக்கு ஒன்று எழுத மறந்துபோனேன். முசே என்னையும் கடித்திருந்தான். அதே நாள், அவனைப் பிடித்து இழுக்கும்போது, வலது ஆடுசதையில். பெரிய மனிதர் இதையெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவதா என்று விட்டுவிட்டேன். அங்கே உட்கார்ந்திருந்தபோது நினைவு வந்தது. வேட்டியைத் தூக்கிக் காயத்தைக் காட்டினேன். "நான் இப்ப ஆஸ்பத்திரிக்குத்தான் போறேன். எனக்குச் சாகப் பயமா இருக்கு. துணைக்காவது வா" என்றேன். அதைப் பார்த்ததும்தான் அவள் முகம் மாறியது.

பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அல்லியைப் பரிசோதித்துவிட்டு, கர்ப்பிணி பயப்பட வேண்டியதே இல்லை, போடாமல் இருப்பதுதான் ஆபத்து என்று பொறுமையாகச் சொன்னார். அல்லி என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க முதல்ல போட்டுக்குங்க. உங்களுக்கு ஒண்ணும் ஆகலைன்னா நான் போட்டுக்கிறேன்" என்றாள்.

போட்டுக்கொண்டேன். இரண்டு கையிலும் ஒவ்வொன்று. அப்புறம் காயத்தைச் சுற்றியும் குத்துவார்கள் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. சிங்கம் போல நின்றேன் என்று எழுதத்தான் ஆசை. கண் விழித்தபோது பெஞ்சில் படுத்திருந்தேன், அல்லி எனக்கு விசிறிக்கொண்டிருந்தாள். "எந்திரிங்க, எனக்கும் போட்டாச்சு" என்றாள்.

இன்னும் சில தடவை போக வேண்டும். முசே இன்றைக்கும் அப்படியேதான் இருக்கிறான். மாட்டாஸ்பத்திரி டாக்டர் வெளியூரிலிருந்து இன்று மாலை வருகிறாராம். கடையைச் சாத்தியாகிவிட்டது.

உன் மாமன்,
சந்தனசாமி


சிறுமலை
9 ஜூன் 2025

அன்புள்ள மாமா,

தியானம் முடிந்து மதர் மூன்று கடிதங்களையும் ஒன்றாகக் கொடுத்தார்கள். ஒரே மூச்சில் படித்தேன்.

இரண்டாவதைப் படித்ததும் உங்களோடு இனிப் பேசக்கூடாது என்று நினைத்தேன். உண்மையாகவே நினைத்தேன். ஓர் உயிர், இல்லை, இரண்டு உயிர் மாமா. அந்தக் கோபத்தோடு மூன்றாவதைப் பிரித்தேன். உங்களையும் கடித்தது என்று இருந்தது. அதற்குப் பிறகு கோபப்படக்கூட முடியவில்லை.

கடிபட்ட மனிதர் அத்தனை நாள் ஒன்றும் சொல்லாமலா இருந்தீர்கள்? ஒரு மாதமாகிவிட்டது. எல்லா ஊசியும் போட்டாயிற்றா? அல்லி எப்படி இருக்கிறாள்? உங்களுக்குக் காய்ச்சல், தொண்டை இறுக்கம் ஏதாவது உண்டா? முசே இருக்கிறானா? இருக்கிறானா என்பதை மட்டுமாவது உடனே எழுதுங்கள். ஒரு வரி போதும். அலங்காரம் வேண்டாம்.

ஜெமிமா


மாதா துணை
காரைக்கால்
16 ஜூன் 2025

அன்புள்ள ஜெமிமாவுக்கு,

இருக்கிறான்.

ஒரு வரி கேட்டாய், எழுதிவிட்டேன். இனி என் இஷ்டம்.

போன கடிதம் எழுதிய அன்று மாலையே டாக்டர் வந்து தடித்த கையுறை போட்டுக்கொண்டு தூர நின்று பார்த்தார். வாய்க்கட்டு கட்டி, மயக்க ஊசி போட்டு (நான் தெருமுனையில் நின்றுகொண்டேன்) வாயைத் திறந்தால், கடைவாயில் ஒரு நண்டுக் கொடுக்கு குறுக்கே மாட்டி ஈறு புண்ணாகிக் கிடந்தது. சமையலறைக் குப்பையில் பொறுக்கியிருக்கிறான். அதனால்தான் எச்சில், அதனால்தான் தண்ணீர் பட்டால் உதறல். எடுத்த மறுநாள் ஒரு சட்டிச் சோறு தின்றான். பிறகும் டாக்டர் சொன்ன நாள் தாண்டும்வரை கட்டித்தான் வைத்திருந்தோம். இப்போது அவனுக்கு நிஜமாகவே ஊசி போட்டாயிற்று. கூட்டிப் போனது ஆன்டோ, நான் இல்லை. ஆகவே நம்பலாம்.

அல்லிக்கும் எல்லா ஊசியும் முடிந்துவிட்டது. ஒவ்வொரு தடவையும் நான் முதலில், அவள் பிறகு. கடைசி ஊசியன்று எனக்காகவே வீட்டிலிருந்து விசிறி கொண்டு வந்திருந்தாள். தடைக்காலம் முடிந்து ராஜ்மோகன் கடலுக்குப் போய்விட்டான். போகும்போது என்னைப் பார்த்து, "திமிங்கலம் ஏதாச்சும் வேணுமா ஐயா?" என்று கேட்டுவிட்டுப் போனான்.

பலகையைக் கழற்றிவிட்டோம். வெளியே புங்கமரத்தடியில் இரண்டு பெஞ்சு, ஒரு தண்ணீர்த் தொட்டி. நாயோடு வருகிறவர்களுக்கு அங்கேதான் காபி. பெங்களூர்க்கார அம்மா ஒருத்தி, "எங்க டஃபி எங்க பிள்ளை மாதிரி. அவனை வெளியே உட்காரச் சொல்வீங்களா?" என்று சண்டைக்கு வந்தாள். ஆன்டோ, "பிள்ளையா இருக்கட்டும்மா. மேசைக்கு அடியில யாரு படுத்திருக்காங்கன்னு அங்க உட்கார்றவங்களுக்குத் தெரியணும்ல?" என்றான். கபீர் பாய் வந்து உள்ளே உட்கார்ந்து முதல்முறையாக டீ குடித்தார். "நாய் மேல எனக்கு என்ன பகை சாமி? இடம்தான் வேற" என்றார்.

உன் அம்மா மட்டும் நான் ஊசி போட்டுக்கொண்டதைக் கேட்டு, "நீயா? நீயா?" என்று என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறாள்.

என் உடம்புக்கு ஒன்றும் இல்லை. அதைப் பற்றி நீ கேட்க வேண்டாம்.

சந்தனசாமி


சிறுமலை
28 ஜூன் 2025

அன்புள்ள மாமா,

முசே இருக்கிறான் என்கிற வார்த்தையைப் பார்த்துத் தோட்டத்துக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன். அல்லிக்குப் பிரசவம் ஆனதும் எழுதுங்கள்.

கேட்க வேண்டாம் என்றீர்கள். கேட்காமல் எப்படி இருப்பது? இந்த நோய் சிலருக்கு மாதங்கள் கழித்தும் வரலாம் என்று எப்போதோ படித்தது வந்து வந்து போகிறது. நாய் பிழைத்துவிட்டது, இனிப் பயமில்லை என்று சிஸ்டர் சொல்லியும் கேட்காமல் கெட்ட கனவு காண்கிறேன். உங்கள் மூன்றாவது கடிதத்தை மதர் எல்லாருக்கும் வாசித்துக் காட்டினார்கள். தன் காயத்தைச் சொல்லாமல் அடுத்தவளைக் காப்பாற்றப் போன மனிதர் என்று சொன்னார்கள். அன்றிலிருந்து தினமும் மாலை செபமாலைக்குப் பிறகு இந்த வீடு முழுக்க முழங்காலிட்டு உங்கள் வலது காலுக்காக ஒரு செபம் சொல்கிறோம். தொண்ணூறு வயதான சிஸ்டர் ஒருவர் தம் மூட்டுவலியையே தவமாக உங்களுக்காகக் கடவுளிடம் ஒப்புக்கொடுத்திருக்கிறார்.

காயம் ஆறிவிட்டதா மாமா?

அன்புடன்,
ஜெமிமா


மாதா துணை
காரைக்கால்
20 ஜூலை 2025

அன்புள்ள ஜெமிமாவுக்கும், மதர் அவர்களுக்கும், மூட்டுவலிக்கார சிஸ்டர் அவர்களுக்கும்,

அல்லிக்குப் பெண் குழந்தை. மாங்கனித் திருவிழாக் கூட்டத்தில் ஆட்டோ நகராமல், பெரிய ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்து சேர்வதற்குள் எனக்குத்தான் வலி கண்டுவிட்டது. தாயும் பிள்ளையும் சுகம். நான் போய்க் குழந்தையின் கணுக்காலைத்தான் முதலில் பார்த்தேன், ஏன் என்று தெரியவில்லை. அல்லி குழந்தையை என் கையில் கொடுத்து, "கடிபட்ட ரெண்டு பேரும் பொழைச்சுட்டோம் பாருங்க ஐயா" என்றாள். தலையை ஆட்டினேன்.

உன் கடிதம் வந்து இத்தனை நாள் பதில் எழுதாததற்குக் காரணம் இருக்கிறது. மூன்று தடவை எழுத உட்கார்ந்தேன். மூன்று தடவையும் காயத்தைப் பற்றி நன்றாகவே எழுதினேன். எத்தனை பல், எத்தனை ஆழம், என்ன நிறம், எல்லாம். படித்துப் பார்த்தால் எனக்கே வலித்தது. ஆனால் முழங்காலிட்டிருக்கும் அந்த சிஸ்டர் கண்ணில் நின்றார். கிழித்துப் போட்டேன்.

ஜெமி, அல்லி நிஜத்தை நம்பவில்லை. அவளிடம் வேறு என்ன சொல்வது? அந்த வாரம்தான் என் மொபெட்டின் ஸ்டாண்டு காலைக் கிழித்திருந்தது. காயம் கையோடு, இல்லை, காலோடு இருந்தது. அதைத்தான் வேட்டியைத் தூக்கிக் காட்டினேன். டாக்டரம்மாவிடமும் அதையேதான் காட்டினேன். அல்லிக்கு இதுவரை தெரியாது. நீயும் சொல்லிவிடாதே. அவள் அந்த விசிறியை எடுத்து வைத்திருக்கிறாளாம்.

முசே என்னைக் கடிக்கவே இல்லை. செபத்தைக் குழந்தையின் பெயருக்கு மாற்றிவிடச் சொல். சிஸ்டரின் மூட்டுவலியையும் முடிந்தால் திருப்பி வாங்கிக்கொள்ளச் சொல்.

சந்தனசாமி